தென்னந்தோப்புக்கு மேலே: ரிமோட் விமானம் பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ரிமோட் விமானம் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பிவைத்துவிட்டார். பாதிப் பேர், எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் வாங்கி, பறக்கவிட்டு, உடைத்துவிட்டு, ஏன் உடைந்தது என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சியைத்தான் பிடிக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் வாசம். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தபோது மாதிரி விமானம் செய்ய, கனமில்லாத பால்சா மரக்கட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இன்னும் கீழே வைக்கவில்லை.

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போர் விமானம் மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கித் தரலாமா, செய்யச் சொல்லலாமா?
ஒரு தந்தை, ஈரோடு

போர் விமானம் வேண்டாம். இறக்கை சின்னது, வேகம் அதிகம். யோசிக்கிற நேரத்துக்குள் அது வேலியில் இருக்கும். முதல் விமானம் மாட்டுவண்டி மாதிரி இருக்க வேண்டும். மெதுவாகப் போக வேண்டும், நம் தப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இறக்கை உடம்பின் மேல்பக்கம் உட்கார்ந்திருக்கட்டும். இரண்டு இறக்கை நுனிகளும் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கியிருக்கட்டும். அப்படி இருந்தால், சாய்ந்த விமானம், கையிலிருக்கிற ரேடியோவின் குச்சியை விட்டதும் தானாகவே நிமிரப் பார்க்கும். நுனிக்கு நுனி ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் தூரத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

செய்யச் சொல்லுங்கள். கூட உட்காருங்கள். தான் செய்ததை உடைத்த பையன் மறுநாளே ஒட்டிவிடுவான், வாங்கினதை உடைத்தவன் பரணில் போட்டுவிடுவான். ஸ்டேஷனரி கடைகளில் 5 மி.மீ. ஃபோம் போர்டு கிடைக்கும், இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியது. பிளெக்ஸ் அடிக்கிற கடையில் சன்போர்டு என்று கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் பி.வி.சி., கனம். வெட்ட பேப்பர் கட்டர், ஒட்ட குளூ கன். சுக்கானை அசைக்கிற குட்டி மோட்டாருக்கு சர்வோ என்று பெயர். அதிலிருந்து வாலுக்குப் போகிற தள்ளுகம்பிக்கு நான் சைக்கிள் போக்ஸ் கம்பிதான் போடுகிறேன். அந்தக் கம்பியை மாட்டுகிற கொம்பு வெட்ட பழைய ஏ.டி.எம். கார்டு போதும்.

பசை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. தெர்மோகோலில் நான் செய்த முதல் இறக்கையை, அவசரத்தில், வீட்டில் இருந்த இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன். ஒட்டவில்லை. சுடுதண்ணீர் ஊற்றின சர்க்கரை மாதிரி குழிந்து உள்ளே போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் பசையும் தெர்மோகோலை அப்படித்தான் தின்னும். வெள்ளை ஃபெவிகால் ஒன்றும் செய்யாது, ஆனால் ஓர் இரவு காய வேண்டும். எதுவானாலும் முதலில் துண்டுச் சில்லில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

மின் சாமான்களுக்கு ஊரில் எல்லாரும் போடுகிற கூட்டணி இது: 2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டார் 1000 கே.வி., அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., 9 கிராம் சர்வோ நான்கு, மூன்று செல் 2200 எம்.ஏ.எச். லைப்போ பேட்டரி, 10 அங்குல புரொப்பல்லர். கே.வி. என்றதும் கிலோவோல்ட் என்று என் பழைய மாணவன் ஒருவன் ரப்பர் கையுறையோடு வந்தான். இது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, பயம் வேண்டாம். விலை மாதத்துக்கு ஒன்றாக இருப்பதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. ஒன்று சொல்வேன்: கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கை ரேடியோவில் போடுங்கள். விமானம் உடையும், மாறும். கையில் பிடிக்கிற ரேடியோ பத்து விமானத்துக்கு வரும்.

ஃபோம் போர்டில் 1.2 மீட்டர் விமானம் செய்தேன். எல்லாவற்றையும் சரிபார்த்தேன். நண்பன் எறிந்தான். மூக்கைத் தூக்கியது, இடப்பக்கம் புரண்டது, மூன்று விநாடியில் தரை. ரேடியோ கோளாறாக இருக்குமோ?
பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர், நாமக்கல்

முதல் விழுகைக்கு ரேடியோவைக் குறை சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னிடம் ஓர் எண்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு விழுகைக்கும் தேதி, காற்று, காரணம் எழுதிவைப்பேன். அன்று சாயங்காலம் காரணத்தைப் பேனாவில் எழுதுவேன். ஒரு வாரம் கழித்து, கோபம் தணிந்து, உடைந்த சாமானைக் கழற்றிப் பார்த்தபின் பென்சிலில் திருத்துவேன். பேனாவில் இருப்பது: ரேடியோ, காற்று, பருந்து, மறுபடியும் ரேடியோ. பென்சிலில் இருப்பது: பேட்டரி பின்னால் நகர்ந்திருக்கிறது. சர்வோ கொம்பின் நடுத் திருகு போடவில்லை. எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற பட்டை, தலைகீழ். அந்த நோட்டில் ஆகாயத்தில் உண்டான கோளாறு அபூர்வம். எல்லாம் மேசையிலேயே நடந்து முடிந்திருக்கிறது, எறிந்தபோது தெரியவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுடையதற்கு வருவோம். மூக்கைத் தூக்கியது என்றால் எனக்கு முதல் சந்தேகம் வால் கனம். உங்கள் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளந்து பாருங்கள். 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ. தள்ளி, அதாவது அகலத்தில் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதத்துக்குள், இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். பேட்டரியை உள்ளே, பறக்கிறபோது எங்கே இருக்குமோ அங்கேயே, வெல்க்ரோ போட்டு இறுக்கிவிடுங்கள். இப்போது அந்த இரண்டு புள்ளிகளில் ஆள்காட்டி விரல் நுனிகளை வைத்து விமானத்தைத் தூக்குங்கள். மட்டமாக நிற்க வேண்டும், இல்லை மூக்கு ஒரு துளி தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறத்தல் கிடையாது, வீட்டுக்குப் போங்கள். மூக்குக் கனமான விமானத்தைத் திட்டிக்கொண்டேயாவது ஓட்டி இறக்கிவிடலாம். வால் கனமானதை என்னால் ஓட்ட முடிந்ததில்லை.

வால் தாழ்ந்தால் உடனே மூக்கில் எடை வைக்காதீர்கள். முதலில் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அதற்கு மேலும் இடமில்லை என்றால்தான் எடை. நான் பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டுவேன். சரியாக 9 கிராம், ஒரு சர்வோவின் எடை. புது ஐந்து ரூபாய் அவ்வளவு கனமில்லை, கணக்குத் தப்பும்.

அடுத்தது இடப்பக்கம் புரண்டது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அது வலப்பக்கம் சுற்றினால் உடம்பு இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். வேகம் வராத நேரத்தில், முழு த்ராட்டிலில், அதாவது மோட்டாரை முழு வேகத்தில் விட்டு எறிந்தால், எய்லரானுக்கு அதைத் தடுக்கிற பலம் இருக்காது. மோட்டாரை இரண்டு டிகிரி வலப்பக்கமும், இரண்டு டிகிரி கீழாகவும் சாய்த்து மாட்டுங்கள். இரண்டு வாஷர் செருகினாலே போதும். எறிகிறபோது முக்கால் த்ராட்டில். காற்றை எதிர்த்து, தரைக்கு மட்டமாக, ஒரு தட்டைத் தள்ளிவிடுவது போல. நண்பர்கள் எல்லாரும் ராக்கெட் விடுவது போல வானத்தைப் பார்த்து எறிவார்கள். எறிகிற ஆளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

இன்னொரு காரணம், எய்லரான் தலைகீழாக இருப்பது. "எல்லாவற்றையும் சரிபார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே நின்று பார்த்தீர்கள்? நான் நாலு மாதம் உட்கார்ந்து பால்சாவில் ஒரு விமானம் செய்தேன். ஒவ்வொரு விலா எலும்பையும் பிளேடால் வெட்டி, உப்புத்தாள் போட்டு, இறக்கைக்குப் பட்டுத்தாள் மாதிரி படலம் இழுத்து ஒட்டினது. காலையில் மைதானத்தில் ஒருவர் விமானத்தை என்னைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டார். நான் எதிரே நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். என் வலக்கைப் பக்கத்து எய்லரான் மேலே போனது. சரி என்று தலையாட்டினேன். என் வலம் விமானத்தின் இடம் என்பது, அது தலைகீழாகப் புரண்டு மண்ணில் சொருகினபின்தான் உறைத்தது. நாலு மாத வேலை, நாலு விநாடிப் பறப்பு. அதிலிருந்து விமானத்தின் வாலுக்குப் பின்னால் நிற்காமல் நான் எதையும் சோதிப்பதில்லை. பின்னால் நின்று, குச்சி வலம் என்றால் வல எய்லரான் மேலே, இட எய்லரான் கீழே. குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர், அதாவது வாலில் படுத்திருக்கிற பட்டை, மேலே. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பக்கத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மேசை வேலை முழுவதும் புரொப்பல்லர் இல்லாமல்தான். ரேடியோவை முதலில் போடுங்கள், அப்புறம் பேட்டரி. அணைக்கும்போது பேட்டரி முதலில், ரேடியோ கடைசியில். பிறகு ஒரு சோதனை: மோட்டார் மெதுவாக ஓடுகிறபோது ரேடியோவை வேண்டுமென்றே அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் ஃபெயில்சேஃப் வைக்கவில்லை என்று அர்த்தம். சிக்னல் போன விமானம் முழு வேகத்தில் யார் வீட்டுக் கூரையையோ தேடிப் போகும். மைதானத்தில் போய், ரேடியோவின் ரேஞ்ச் சோதனை பொத்தானை அழுத்திக்கொண்டு முப்பது மீட்டர் நடந்து, சுக்கான்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். இத்தனையும் செய்ய ஐந்து நிமிடம்.

புரொப்பல்லர் பிளாஸ்டிக்தானே, கையை வெட்டுமா?
பள்ளி மாணவி, தேனி

வெட்டும். என் வலது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். 11 வோல்ட்டில் அந்த மோட்டார் ஒரு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. அப்போது அதைப் பிளாஸ்டிக் என்று நினைக்காதீர்கள். பேட்டரி செருகின நொடியிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தே கையை வையுங்கள். சுற்றுகிறபோது பக்கவாட்டில், அதன் வட்டத்துக்கு நேராக நிற்காதீர்கள். உடைந்தால் அந்தப் பக்கம்தான் பறந்து வரும்.

என் கணவர் விமான பேட்டரியைப் படுக்கையறையில், மெத்தைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார். ஒன்று உப்பி இட்லி மாதிரி இருக்கிறது. "இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, சிவகாசி

அம்மா, உங்கள் பயம் நூற்றுக்கு நூறு நியாயம். இந்தப் பக்கம் மேலே தெரியும்படி இதழை மடித்து, அவர் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இனி எழுதுவது அவருக்கு.

தம்பி, உங்கள் ஊரில் வெடிமருந்துப் பொட்டலத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு யாராவது தூங்குவார்களா? லைப்போ என்பது லித்தியம் பாலிமர். உப்பியிருப்பது உள்ளே வாயு சேர்ந்ததால். அது ஓடுகிறது என்பது சமாதானம் இல்லை. உப்பினது போனது, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டால் உறையைக் கிழித்துக்கொண்டு தீயும் கரும்புகையும் வரும். புகையை முகராமல் இருப்பதே பெரும்பாடு.

ஒரு செல் சாதாரணமாக 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்று செல் என்றால் 11.1, முழுசாக 12.6. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். அதனால் நான் 3.5-க்குப் பக்கத்தில் வரும்போதே விமானத்தைத் தரையிறக்கிவிடுவேன். டைமரில் ஏழு நிமிடம் வைத்துக்கொள்கிறேன், ஆசை எட்டாவது நிமிடத்தில்தான் வரும். சார்ஜ் போடும்போது சிறு வெள்ளை பிளக்கையும் செருகி, எல்லாச் செல்லையும் சமமாக நிரப்புகிற பேலன்ஸ் முறையில் போடுங்கள். 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஆகும், அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இடம்: சிமெண்ட் தரை. என் வீட்டில் ஒரு பழைய மண்சட்டி, அதற்குள் பேட்டரி, பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழுசாக நிரப்பி வாரக்கணக்கில் வைத்தால் அதுவே உப்பக் காரணம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள்.

உப்பின பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிற வைத்தியம் எங்கேயாவது கேள்விப்பட்டிருந்தால் மறந்துவிடுங்கள். 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை இணைத்து, திறந்த வெளியில், முழுக்க இறங்கும் வரை எரியவிட்டு, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். விழுந்த விமானத்திலிருந்து எடுத்த பேட்டரியையும் உடனே பைக்குள் போடாதீர்கள். அரை மணி நேரம் வெட்டவெளியில், கண்பார்வையில் கிடக்கட்டும்.

மாமா வெளிநாட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்த பழைய ரேடியோ செட் இருக்கிறது. நீளமான ஏரியல், உள்ளே கிரிஸ்டல். புது விமானத்துக்குப் பயன்படுத்தலாமா?
வாசகர், காரைக்குடி

அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள், அழகாக இருக்கும். பறக்க வேண்டாம். அந்தக் காலத்து செட்டுகளில் கிரிஸ்டலுக்கு ஒரு சானல். ஒரே சானலில் இரண்டு பேர் ரேடியோவைப் போட்டால் ஒருவர் விமானம் விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகையில் சானல் எண் எழுதின துணிக் கிளிப்புகள் தொங்கும். கிளிப் உங்கள் ஏரியலில் இருந்தால்தான் நீங்கள் ரேடியோவைப் போடலாம். கிளிப்பை மறந்து வீட்டுக்குக் கொண்டுபோன ஆளை எல்லாரும் ஒரு வாரம் தேடுவார்கள். இப்போதுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை ரிசீவரோடு ஒரு தடவை பைண்ட் செய்துவிட்டால், அது தன் ஜோடியின் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

மாமாவின் செட்டைப் பழசு என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 1937-இல் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோ கொண்டு ஒரு மாதிரி விமானத்தை வெற்றிகரமாக ஓட்டினார்கள். வால்வு ரேடியோ, சுக்கானைத் திருப்ப முறுக்கின ரப்பர். அந்த விமானம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பீளமேட்டில் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடலாமா? அனுமதி ஏதாவது வேண்டுமா?
வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் இண்டிகோ இறங்குவது தெரியுமே! வேண்டாம், நினைக்கவே வேண்டாம். அங்கே கோவை விமான நிலையம், கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம்.

நம் நாட்டில் இதற்கு 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இருக்கின்றன. பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்பார்வைக்குள் மட்டும் பறக்கிற, மொத்த எடை 25 கிலோவுக்கு மேற்படாத ரிமோட் விமானத்தை அவை தனி வகையாகச் சொல்கின்றன. எந்த இடத்தில் பறக்கலாம் என்பதற்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பகுதியைப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி வரைதான் பச்சை. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், முன் அனுமதி இல்லாமல் முடியாது. பறப்பதற்கு முன், இணையத்தில் அரசு வைத்திருக்கிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பதிவு எண் யாருக்கு வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் மாடி சரிப்படாது. இறக்க இடம் ஏது? கீழே ஆள், பைக், துணிக்கொடி. எனக்குக் கோடையில் வற்றிக் கிடக்கிற குளம்தான் மைதானம். ஊர்த் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன், ஆடு மேய்க்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை.

விமானம் என்னை விட்டுப் போகும்போது நன்றாக ஓட்டுகிறேன். என்னை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பி விழுந்துவிடுகிறது. காற்று அடித்தால் இன்னும் மோசம்.
வாசகர், பல்லடம்

குழம்பாத ஆள் கிடையாது. ஒரு சூத்திரம் சொல்கிறேன். எதிரே வரும்போது இடம் வலம் யோசிக்காதீர்கள். எந்த இறக்கை கீழே சாய்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள். சாய்கிற சுவருக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி. நிமிர்ந்துவிடும். கணினியில் சிமுலேட்டர் போட்டு, உங்கள் ரேடியோவையே யு.எஸ்.பி.யில் இணைத்து, ஒரு மாதம் எதிரே வருவதை மட்டும் பழகுங்கள். அங்கே நூறு தடவை விழுந்தாலும் பசைச் செலவு இல்லை.

காற்றைப் பற்றி பல்லடத்துக்காரருக்கு நான் சொல்லவா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தானே நம் பக்கம் இத்தனை காற்றாலை. வைகாசி பாதியிலிருந்து ஆவணி வரை என் விமானங்கள் சுவரில்தான் தொங்கும். அந்த மாதங்களில் ரிப்பேர் பார்ப்பேன். அப்படியும் கை அரித்தால், விடிகிற நேரம். ஆறு மணிக்கு வேப்ப இலை அசையாது. எட்டரைக்கு மேல் தரை சூடாகி, காற்று மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட ஆரம்பித்தால் அதுதான் மணி. பருந்து கிட்டே வந்தால் நீங்கள் கீழே வந்துவிடுங்கள், ஆகாயம் அதனுடையது.

கிளப்புவதும் இறக்குவதும் எப்போதும் காற்றை எதிர்த்து. காற்றோடு போகும்போது விமானம் பறந்து ஓடுகிற மாதிரி தெரியும். ஐயோ வேகம் என்று த்ராட்டிலைக் குறைப்பீர்கள். தரையைப் பார்த்தால் வேகம், இறக்கையைத் தாங்குகிற காற்றைப் பார்த்தால் வேகமே இல்லை. அப்படியே இறக்கை தொய்ந்து விழும். திரும்பும்போது குறைக்காதீர்கள். அப்புறம், ஒருபோதும் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் பறக்கவிடாதீர்கள். சூரியனுக்குக் குறுக்கேயும் வேண்டாம், ஒரு விநாடி கண் கூசினால் விமானம் கறுப்புப் புள்ளிதான், எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது.

எனக்கு 67 வயது. கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, கை லேசாக நடுங்கும். இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? பேரன் சிரிக்கிறான்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையிலிருந்து எறியப்பட்ட ஒரு மாதிரி விமானம், அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்கும் குறைவு. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், 38 மணி 52 நிமிடம். நடுக்கடலில் தானியங்கிதான் ஓட்டியது, கரைகளில் மனிதர்கள். அதைச் செய்த மேனார்ட் ஹில்லுக்கு அப்போது 77 வயது. பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. பேரனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நடுக்கத்துக்கு, ரேடியோவில் எக்ஸ்போ என்று ஒன்று இருக்கும். அதை முப்பது சதவீதம் வைத்தால் குச்சியின் நடுப்பகுதி மந்தமாகும், சின்ன நடுக்கம் விமானத்துக்குப் போகாது. இறக்கையின் அடியில் பட்டை பட்டையாக ஆரஞ்சு நிறம் அடியுங்கள், மேலே வேறு நிறம். ஒரு பட்டறிந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உயரத்துக்குக் கொண்டுபோய் அவர் உங்களிடம் கொடுக்கட்டும், தடுமாறினால் வாங்கிக்கொள்ளட்டும்.

விமானம் தென்னை மரத்தில் சிக்கிக்கொண்டது. மூன்று நாளாகக் கல்லெறிந்து பார்க்கிறோம். என்ன செய்வது?
கல்லூரி நண்பர்கள் நால்வர், பொள்ளாச்சி

முதலில் கல்லெறிவதை நிறுத்துங்கள். மூன்று நாளில் நீங்கள் உடைத்ததுதான் அதிகமாக இருக்கும். நீங்களே ஏறவும் வேண்டாம். மூங்கில் தொரட்டி, இரும்புக் கம்பி எதையும் நீட்டுவதற்கு முன் மரத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் விமானத்தை மறந்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மேலே பேட்டரி இன்னும் இணைப்பில் இருக்கிறது, மூன்று நாளில் செத்திருக்கும். அதைத் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள். த்ராட்டிலைக் கீழேயே வைத்திருங்கள், சிக்கினவுடன் யாரும் மோட்டாரை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

தோப்புக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். அடுத்த வெட்டு எப்போது என்று கேளுங்கள். காய் பறிக்க ஆள் வருகிற அன்று நீங்களும் போய் நில்லுங்கள். எனக்கு அப்படித்தான் ஒன்று கிடைத்தது. நாற்பத்தைந்து நாள் காத்திருந்தேன். மரமேறுகிறவர் மேலே போய், "ஏனுங்க, இதுல அணில் குட்டி போட்டிருக்குது, எறக்கட்டுங்களா வேண்டாங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெட்டுக்கு இறங்கியது. இறக்கையில் பாதி இல்லை, மோட்டாருக்குள் தென்னம்பாளையின் பூ, சர்வோ நான்கில் மூன்று ஓடியது. ஏறினதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றவர், கூட இரண்டு இளநீர் வெட்டிப் போட்டார். தோப்புக்காரர் மட்டும் இளநீருக்குக் காசு வாங்கிக்கொண்டார்.